ஈரச்சேலை ஆசாரம்

மணி பத்துகூட ஆகவில்லை. மதினி அன்றைக்கு மூன்றாவது தடவையாகக் கிணற்றடியில் நின்று மேலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ஆனி மாதச் சாரல் தென்காசி முழுக்க விழுந்துகொண்டிருந்தது. கொடியில் போட்ட துணி எதுவும் உலர்கிற மாதிரி இல்லை. நான் என் சேலைகளை ஓரமாக ஒதுக்கி அவளுடைய மூன்றாவது சேலைக்கு இடம் பண்ணிக்கொடுத்தேன். பண்ணிக்கொடுத்தேனே தவிர உள்ளுக்குள் பொருமல்தான். என் வீட்டுக்காரர் கொழும்புக்குத் துணிக்கடை வேலைக்குப் போனதிலிருந்து நான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் எனக்கு வாய்த்த பெரிய சள்ளை இந்த அகிலாண்டேஸ்வரி மதினியின் ஆசாரம்தான்.

எங்கள் தெருவில் அவளுக்கு இருந்த பெயரைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நாங்கள் சைவப் பிள்ளைமார். சுத்தபத்தம் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் மதினியின் சுத்தம் தனி ரகம். அடுப்படியில் எப்போதும் ஈரச்சேலைதான். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் இருக்கும். நடுநடுவே அதை எடுத்து இடுப்புக்குக் கீழே சாய்த்துக்கொள்வாள். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கமாட்டாள். கல்யாண வீட்டில் நாங்களெல்லாம் ஜமக்காளத்தில் உட்கார்ந்து வம்பளந்துகொண்டிருப்போம். இவள் தூணோரம் நின்றபடியே இருந்துவிட்டு ஐந்தாவது நிமிஷம் கிளம்பிவிடுவாள். ஒரு தடவை எல்லாருமாகப் பண்பொழித் திருமலைக்குப் போனோம். மதினி அடிவாரத்திலேயே நின்றுவிட்டாள். மலையே முருகன், அதைக் காலால் மிதிக்கமாட்டேன் என்றாள். தெருப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் நோன்பு, காதுகுத்து, கோவில் படையல் என்று எதுவானாலும் முதல் பானையை மதினி கையால் ஏற்றினால்தான் அவர்களுக்குத் திருப்தி. "அகிலாண்டத்த மாதிரி இருக்கணும்ட்டி" என்று என்னையே நாலு பேர் நிறுத்திவைத்துப் புத்தி சொல்லியிருக்கிறார்கள்.

அவளை மாதிரி இருந்து பார்த்தால் தெரியும். படாதே, பக்கத்தில் வராதே, அந்தச் சேலையோடு உள்ளே நுழையாதே என்று மார்கழிக் குளிரில் என்னையும் இரண்டு தடவை முழுக வைப்பாள். என்னை விடுங்கள், அண்ணனை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரியும். அண்ணன் சிவசுப்பிரமணியன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர்கள் மகள் உலகம்மைக்கு அப்போது பதினோரு வயது. அவள் பிறந்ததிலிருந்தே அண்ணனுக்கு முன்கூடத்தில் கட்டில், மதினிக்கு உள்ளறையில் பாய். கேட்டால் விரதம். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம், பிரதோஷ விரதம். வருஷத்தில் விரதமில்லாத நாளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். முப்பத்து நாலு வயதில் ஒருத்தி சாமியாராகப் போக வேண்டுமென்றால் போகட்டும், அதற்கு என் அண்ணனை ஏன் கட்டிக்கொண்டாள் என்று எனக்கு ஆற்றாமை.

அன்றைக்கு அவள் குளித்துவிட்டு வந்து ரசத்துக்குத் தாளித்தாள். வற்றல் மிளகாய் கொஞ்சம் கருகி நெடி கிளம்பிவிட்டது. நான் கொல்லையிலிருந்து அரிசி களைந்த பானையோடு வந்து படியில் நின்றேன். மதினியின் முதுகு என் பக்கம் இருந்தது. அடுப்பு வெக்கையில் சேலை பாதி உலர்ந்து வெளிறியிருந்தது. அவளுக்கு இருமல் வந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு தொடைகளைச் சேர்த்து இடுக்கி, அடக்கி அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. மூன்று தடவை இருமினாள். வெளிறிய சேலையில் பின்பக்கம் ஒரு திட்டு கறுத்து அகலமாகிக் கீழே இறங்கியது. அதற்குப் பிறகுதான் அவள் செம்பை எடுத்து இடுப்பில் சாய்த்துக்கொண்டாள். நிதானமாக, சாமிக்கு அபிஷேகம் பண்ணுகிற மாதிரி சாய்த்தாள். கறுத்த திட்டு எது, செம்புத் தண்ணீர் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே ஈரமாகிவிட்டது.

திரும்பியவள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைப்பானேன். இரண்டு வருஷ மார்கழி முழுக்கு எல்லாம் கண்முன்னால் வந்து நின்றது.

"இதுக்குத்தானா மதினி இவ்வளவு ஆசாரமும்?" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் இறக்கவில்லை.

"உலகம்மை பொறந்ததுல இருந்துட்டி. மூணு நாள் வலி. மருத்துவச்சி வயித்த அமுக்கி அமுக்கித்தான் புள்ளைய எடுத்தா. அதுக்குப் பொறவு இருமுனா வருது, தும்முனா வருது, ஒரு கொடம் தண்ணியத் தூக்குனா வருது. சிரிச்சாகூட வருது."

நான் அவள் சிரித்துப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் ஆறுமாதத்தில் சரியாகிவிடும் என்று இருந்திருக்கிறாள். கஷாயம் குடித்திருக்கிறாள். நாற்றம் தெரிந்துவிடுமோ என்று அடிக்கடி குளிக்கப் போக, யாரோ ஒருத்தி அதைப் பார்த்து ஆசாரம் என்று சொல்லியிருக்கிறாள். இவளுக்கு அது பிடித்துக்கொள்ளக் கிடைத்த கொம்பாகிவிட்டது. அப்புறம் விட முடியவில்லை. கோவில் பானையை ஏற்றச் சொல்லும்போதெல்லாம் பாவம் பண்ணுகிறோமே என்று முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் ஏற்றுவாளாம். குற்றாலம் சீசனில் இவள் தினமும் அருவிக்குப் போவதையும் நாங்கள் பக்தி என்றுதான் நினைத்திருந்தோம்.

"அங்கன எல்லாரும் நனைஞ்சுதான நிக்காவ" என்றாள். "அருவிக்குக் கீழ நிக்கும்போதுதாம்ட்டி நானும் எல்லாரையும் போல இருந்தேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். படாதே என்று அவள் சொல்லவில்லை.

குற்றாலம் போகிற சாலையில் அப்போது ஒரு பெண்கள் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஜெபமலர் என்று ஒரு டாக்டரம்மா. சுரண்டைப் பக்கத்துக்காரர். பிள்ளை பெற்ற பிறகு வருகிற இந்த மாதிரிக் கோளாறுகளுக்கு ஆபரேஷன் செய்கிறார் என்று எங்கள் துணி வெளுக்கிற அம்மாள் சொல்லியிருந்தாள். மதினி இரண்டு நாள் மறுத்தாள். மூன்றாம் நாள், அருவிக்குப் போகிறோம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். வருஷம் அறுபத்து நாலு.

டாக்டரம்மா கூச்சப்படாமல் பேசுகிறவர். படுக்க வைத்துப் பார்த்தார். இருமச் சொன்னார். மதினி இருமினாள். ஒரு சொட்டு இல்லை. எழுந்து காலை அகட்டி நின்று இருமச் சொன்னார். நானே பயந்துபோகிற அளவுக்கு மதினி இருமினாள். ஒன்றுமில்லை. கீழே விரித்திருந்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே கிடந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா. லேசா இருக்கும் போல. ஒண்ணுக்க அடக்குத மாதிரி இறுக்கி இறுக்கி விடுங்க, ஒரு நாளைக்கி நூறு தடவ. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

வாசலில் இருந்த வேப்பமரத்தடிக்கு வந்ததும் மதினி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். "பாத்தியா, டாக்டருக்கே காட்ட மாட்டேங்குது. இது என்னைய விட்டுப் போவாது."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தினம் நாலு சேலை நனைக்கிறது இங்கே வந்து எப்படி ஒளிந்துகொள்ளும்? உதடு வெடித்து, நாக்கு ஒட்டிப் பேசிக்கொண்டிருந்த அவளைப் பார்த்ததும் கேட்டேன்.

"மதினி, நீங்க கடைசியாத் தண்ணி குடிச்சது எப்போ?"

"நேத்து மத்தியானம்."

"காலைல இருந்து எத்தன தடவ ஒண்ணுக்குப் போனீய?"

"வீட்டுல ரெண்டு. இங்கன வந்து ஒண்ணு. டாக்டர் முன்னால அசிங்கமாயிரக் கூடாதுல்லா?"

வெளியே போகிற நாளென்றால் முந்தின மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவது பதினோரு வருஷப் பழக்கம். நோயைக் காட்டப் போகிற இடத்துக்கும் நோயைத் துடைத்து வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு உள்ளே ஓடி டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "நான்லா கேட்டிருக்கணும். நாலு டம்ளர் தண்ணி குடிக்கச் சொல்லுங்க. ஒரு மணி நேரம் நடக்கட்டும். முட்டுனாலும் போவக் கூடாது. நேரா எங்கிட்ட வரணும்."

தண்ணீர் கொண்டுவந்தவள் ஷமீம் பானு என்கிற ஆஸ்பத்திரி ஆயா. மதினி டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியூரில் ஒரு மடக்குக் குடித்தறியாதவள். அவளுடைய பயம் தண்ணீரைப் பார்த்து. ஆயா பார்த்ததோ நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு பிள்ளைமார் வீட்டுப் பொம்பிளையை. "பானை அங்கன இருக்கும்மா. நான் தொடல. நீங்களே மொண்டு குடிச்சிக்கிடுங்க" என்று ஒதுங்கப் போனாள்.

மதினிக்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். "ஐயோ, அதுக்கில்லம்மா. உங்க கையாலயே தாங்க" என்று வாங்கிக் குடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதும் கேட்டு வாங்கிக் குடித்தாள். பாலைவனத்திலிருந்து வந்தவள் மாதிரிக் குடித்தாள். பதினோரு வருஷமாக அவளுக்குத் தாகமும் இருந்திருக்கிறது என்பதை நான் யோசித்ததே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து அதே வெள்ளைத் துணியின் மேல் நின்று இருமினாள். முதல் இருமலுக்கே துணி நனைந்தது. மதினி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இதத்தாம்மா நான் பாக்கணும். இனிமே பேசலாம்" என்றார். மருந்துக்கும் முகஞ்சுளிப்பு இல்லை. பொத்திய விரல்களுக்கு நடுவே மதினி அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மூத்திரப்பையின் கழுத்தைத் தாங்குகிற சதை பிரசவத்தில் தளர்ந்து இறங்கிவிட்டது; அதனால்தான் வயிறு அழுத்தும்போதெல்லாம் பையின் வாய் திறந்துகொள்கிறது. இறுக்கிவிடுகிற பயிற்சி லேசாக இருப்பவர்களுக்குக் கேட்கும், இந்த அளவுக்குப் போதாது. கத்தியே வேண்டாமென்றால் உள்ளே ரப்பர் வளையம் வைக்கலாம். அவ்வப்போது எடுத்துக் கழுவி வைக்க வேண்டும். ஆபரேஷன் என்றால் கீழ்வழியாகவே தையல் போட்டு இறுக்குவது ஒரு வகை. வயிற்றில் காயமில்லை, சீக்கிரம் நடமாடலாம். ஆனால் சில வருஷத்தில் பல பேருக்கு மறுபடி தளர்ந்துவிடுகிறது. இன்னொன்று, அடிவயிற்றைத் திறந்து, இறங்கின கழுத்தைத் தூக்கி இடுப்பின் முன்னெலும்புக்குப் பின்னால் சேர்த்துத் தைப்பது. மூன்றாவது, வயிற்றுச் சதையின் மேலுள்ள உறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து ஊஞ்சல் மாதிரி அடியில் கொடுத்துத் தாங்குவது. மற்றது பலிக்காதவர்களுக்குத்தான் அது.

"எலும்போட தைக்கது நல்லா நிக்குமா?" என்று மதினி கேட்டாள்.

"ஒம்பது பேருக்குச் செஞ்சிருக்கேன். ஏழு பேருக்கு நல்லாருக்கு. ஒரு அம்மாவுக்குக் கொஞ்சம் தேவல. ஒருத்தங்களுக்குக் கேக்கல. பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு வாரம் இங்கன படுக்கணும். ஒண்ணுக்குப் போவக் குழாய் வச்சிருப்போம். அத எடுத்தப் பொறவு சில பேருக்கு ஒண்ணுக்கு லேசில எறங்காது. மூணு மாசம் கொடம் கிடம் தூக்கக் கூடாது."

"எலும்போடயே சேத்துத் தைச்சிருங்க" என்றாள் மதினி. ஏதோ சேலைக்கு ஓரம் அடிக்கச் சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள். அவ்வளவு உறுதியான குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. டாக்டரம்மா மேஜையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணும். அது இல்லாமச் செய்ய மாட்டோம்." மதினியின் உறுதியெல்லாம் அந்த இடத்தில் சரிந்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது, நீ சொல்லு, உன் அண்ணன்தானே என்றாள். எந்தத் தங்கை எந்த அண்ணனிடம் இதைச் சொல்லுவாள்? முடியவே முடியாது என்றுவிட்டேன். அன்று சாயங்காலம் அண்ணன் பள்ளிக்கூடம் விட்டு வந்து காப்பி குடித்ததும் மதினி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னாள். நான் உலகம்மையைப் பூப்பறிக்கக் கொல்லைக்கு அனுப்பிவிட்டு அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மதினி சொல்லி முடித்தாள். பிறகு அண்ணன் கேட்டார்.

"பதினோரு வருசமா இதுக்குத்தானா?"

"ஆமா" என்றாள் மதினி.

"உனக்கு என்னையப் பிடிக்கலன்னுல்லா நான் நெனச்சிட்டிருந்தேன். கிட்ட வந்தாலே குளிக்கப் போயிருவியே." என்றார் அண்ணன். "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன, ஊருக்குத் தண்டோராவா போட்டிருப்பேன்?"

"நீங்களும் அருவருப்பா நெனைச்சிட்டா நான் எங்கன போவேன்?" என்றாள் மதினி.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மூன்று நாள் அவர் யாரோடும் பேசவில்லை. படிவம் முன்கூடத்து அலமாரியில் கிடந்தது. எனக்கு அண்ணன் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் இப்போது நினைத்தால், பதினோரு வருஷம் தப்பாகப் போட்ட கணக்கை ஒரு மனுஷன் மூன்று நாளில் திருத்தியதே பெரிது. நாலாம் நாள் காலையில் அவர் அடுப்படிக்கே வந்தார். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அந்தப் படியைத் தாண்டிப் பார்த்ததில்லை. கையில் படிவம் இருந்தது.

"தேதி போடணுமாம். இன்னைக்கி என்ன தேதி?" என்றார்.

தினமும் கரும்பலகையில் தேதி எழுதுகிற வாத்தியார் பொண்டாட்டியிடம் வந்து தேதி கேட்கிறார். மதினி சொன்னாள். அவர் சுவரில் தாளை வைத்து எழுதினார். எழுத்து கோணியது.

தெருவுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னோம். கட்டி என்றால் மரியாதையான வியாதி, எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். ஆபரேஷன் அன்று அண்ணன் டாக்டரம்மாவிடம் "முழிச்சுக்கிடுவாள்லா?" என்று ஏழெட்டுத் தடவை கேட்டு, கடைசியில் ஷமீம் பானு அவரைப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. மதினி விழித்துக்கொண்டாள். வலி, காய்ச்சல் எல்லாம் இருந்தது. ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். ஏழாம் நாள் காலையில் குழாயை எடுத்தார்கள்.

அதற்கப்புறம்தான் சோதனை. காலை எட்டு மணிக்குக் குழாயை எடுத்தது. மத்தியானம் வரைக்கும் சொட்டுக்கூட இறங்கவில்லை. குடிக்கக் குடிக்க வயிறு கல்லாகிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம், இல்லையென்றால் மறுபடியும் குழாய்தான் என்றார். எப்படியாவது நின்றால் போதும் என்று பதினோரு வருஷம் வேண்டியவள், இப்போது எப்படியாவது வந்தால் போதும் என்று முருகனைக் கூப்பிட்டாள். எனக்கும் அதே வேண்டுதல்தான்.

நர்ஸ் படுக்கையைச் சுற்றித் தட்டியை இழுத்துவிட்டு மதினியைப் பாத்திரத்தின் மேல் உட்கார வைத்தாள். "வெளிய முத்தத்துக் குழாயைத் தொறந்து விடச் சொல்லுங்க. தண்ணி விழுத சத்தம் கேட்டா சில பேருக்கு வரும்" என்றாள். நான் எழுவதற்குள் வெளியே தண்ணீர் வாளியில் விழத் தொடங்கிவிட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அண்ணன்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் நின்றார். நர்ஸ் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"யாரு, அவுகளா நிக்காவ?" என்று மதினி கேட்டாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"ஆமா மதினி."

"போவச் சொல்லுட்டி" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பியதும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வேண்டாம். நிக்கட்டும்."

வாளி நிறைந்து வழிந்தது. அண்ணன் அதைத் தூக்கிச் செடிகளுக்குக் கொட்டிவிட்டு, காலி வாளியை மறுபடியும் குழாயடியில் வைத்தார். தகரத்தில் தண்ணீர் படபடவென்று விழுந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்க்காமல், விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு, குழாயை இன்னும் ஒரு சுற்றுத் திறந்துவிட்டார்.